ரக்ரர் பெட்டி லைற் வேலை: யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கத்து ஓட்டோ எலக்ரிக் கடை

ரக்ரருக்குப் பின்னால கொளுவி இழுக்கிற பெட்டியின்ர லைற் மூண்டு மாசமா என்னை அலைய வைச்சுது, அதை இந்தக் கடையில வேலை துவங்கி ரெண்டு மணித்தியாலத்தில சரியாக்கித் தந்தவை, அதுதான் இதை எழுதுறன்.

எங்கட இடம் வேலணை. வெங்காயம் கிண்டினா விடியக்காலமை 4 மணிக்கே பெட்டியில ஏத்திக்கொண்டு பண்ணைப் பாலத்தால திருநெல்வேலிச் சந்தைக்கு வாறனாங்கள். ரெண்டு பக்கமும் கடல், நல்ல இருட்டு, பின் லைற் நூந்து கிடந்தா மோட்டச்சைக்கிளில வேகமா வாற பெடியளுக்கு முன்னால ஒரு பெட்டி போகுதெண்டே கிட்ட வந்தாத்தான் தெரியும். அந்தப் பயத்தில மகன் பின்னால மூட்டைக்கு மேல ரோர்ச் லைற்றோட இருந்து வந்த நாளும் இருக்கு.

பிரச்சினை இதுதான். இடப்பக்க சிக்னல் போட்டா அது மங்கலா அடிக்கும், அதோட சேந்து பின் சிவப்பு லைற்றும் மினுங்கும். ஹெட் லைற்றைப் போட்டுக்கொண்டு பிரேக் பிடிச்சா எல்லாமே மங்கிப் போகும். வீட்டு முத்தத்தில பாத்தா சில நேரம் ஒரு பிழையும் இல்லாமல் எரியும், றோட்டில ரெண்டு குலுக்கல் குலுக்கினா போச்சு. முதல் காட்டின ஒரு இடத்தில ஃபிளாஷர் (சிக்னலை விட்டு விட்டு எரிய வைக்கிற சாமான்) மாத்தினவை, பிறகு பல்ப் எல்லாம் மாத்தினவை, பிறகு எல்இடி போட்டா சரிவரும் எண்டு சொல்லி அதையும் போட்டு, சிக்னல் படபடவெண்டு அடிக்கத் துவங்கிட்டுது. எல்இடி இழுக்கிற கரண்ட் கொஞ்சம், ஃபிளாஷர் அதைப் பல்ப் ஒண்டு போயிட்டுது எண்டு எடுக்குமாம், இதை இந்தக் கடை அண்ணைதான் எனக்கு விளங்கப்படுத்தினவர். அதுக்குள்ள 9,000 ரூபாய்க்கு மேல போட்டுது.

இவர் எடுத்த எடுப்பில ஒரு சாமானும் கழட்டேல்லை. லைற்றுகளை எல்லாம் போடச் சொல்லிப்போட்டு, மீற்றரின்ர ஒரு வயரை பெட்டி லைற்றின்ர ஏர்த்திலயும் (கரண்ட் பற்றரிக்குத் திரும்பிப் போற பக்கம்) மற்றதை ரக்ரர் பற்றரி நெகற்றிவிலயும் பிடிச்சவர். கிட்டத்தட்ட பூச்சியம் காட்ட வேணும், 4 வோல்ற்றுக்கு மேல காட்டிச்சுது. "தம்பி, உங்கட பல்ப்பில ஒண்டும் பிழையில்லை, கரண்ட் திரும்பிப் போக வழியில்லை" எண்டார். பிறகு ஒரு நீள வயரை அந்த ரெண்டுக்கும் குறுக்க பிடிச்சுக் காட்டினார், பளிச்செண்டு எல்லா லைற்றும் எரிஞ்சுது, எனக்கு உண்மையா கண் கலங்கிட்டுது.

நடந்தது என்னெண்டா, ரக்ரரையும் பெட்டியையும் வயரால இணைக்கிற சொக்கெற்றில ஏர்த் வாற 3ஆம் பின் உப்புக் காத்துக்கு களிம்பு பிடிச்சுப் பச்சையாக் கிடந்திருக்கு. அதால ஏர்த் முழுக்க பெட்டி கொளுவுற இரும்புக்குள்ளாலதான் போயிருக்கு, அங்க கறளும் கிறீசும், குலுக்கேக்க விட்டு விட்டுப் பிடிக்கும். ஏர்த் கிடைக்காத சிக்னல் கரண்ட் பக்கத்து பல்ப்புக்குள்ளால திரும்பப் பாக்கும், அதாலதான் சிவப்பு லைற்றும் மினுங்கினது. இன்னொண்டும் சொன்னார், எனக்கு அது பெரிய விசயம்: வயருக்குள்ள ஒரு நூல் மட்டும் மிஞ்சிக் கிடந்தாலும் மீற்றர் 12 வோல்ற் காட்டும், அதை நம்பி ஏமாறக்கூடாது, 21 வாட் பல்ப் ஒண்டைக் கொளுவிப் பாத்தாத்தான் அந்த வயர் தாங்குமோ எண்டு தெரியும்.

பிளக்கும் சொக்கெற்றும் புதுசு, பின்னுக்கு லைற் வரைக்கும் தனி ஏர்த் வயர், பெயின்ரைச் சுரண்டி போல்ற் போட்டு இறுக்கி மேல கிறீஸ், பழைய பல்ப்புகளையே திரும்பப் போட்டார். எல்லாமா 4,500 ரூபாய். கழட்டின சாமானையும் கையில தந்தவர்.

குறையெண்டா, 9 மணிக்குப் போய் 12 மணி மட்டும் வெயிலில நிண்டனான், இருக்க ஒரு வாங்கு கூட இல்லை. துண்டு எழுதித் தரேல்லை, கேட்டு வாங்கினது. இந்த மாரி முழுக்க ஓடிட்டன், ஒரு நாளும் லைற் நூரேல்லை.

போறாக்கள் பெட்டியைக் கொளுவிக்கொண்டே போங்கோ, லைற்றை மட்டும் கழட்டிக் கையில கொண்டு போனா பாக்க மாட்டினம்.