ஊற்றிச் சாப்பிடவா, தொட்டுச் சாப்பிடவா: டோக்கியோவில் ராமெனும் ட்சுகேமெனும்

டோக்கியோ போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, ஒரே ஒரு நூடுல்ஸ் கடைக்குத்தான் நேரம் இருக்கிறது, ராமென் சாப்பிடுவதா ட்சுகேமென் சாப்பிடுவதா என்று. இரண்டும் பெரும்பாலும் ஒரே கடையில், ஒரே டோக்கன் மெஷினில், பக்கத்துப் பக்கத்துப் பட்டனில்தான் இருக்கும். ஆனால் சாப்பிடுகிற அனுபவம் வேறு. ராமென் என்றால் கொதிக்கும் சூப்புக்குள் மூழ்கி வரும் நூடுல்ஸ், நம் சாம்பார் இட்லி போல. ட்சுகேமெனில் நூடுல்ஸ் தனித் தட்டில் வரும், கெட்டியான சூப் ஒரு சின்னக் கிண்ணத்தில், தோசையைப் பிட்டுச் சட்னியில் தொடுகிற கதைதான். ட்சுகே என்ற சொல்லுக்கே தொட்டுக்கொள்வது, முக்குவது என்றுதான் பொருள்.

ட்சுகேமென் பிறந்த கதையும் சமையல்கட்டுக் கதைதான். யமகிஷி கசுவோ என்பவர் டோக்கியோ நகானோவில் இருந்த தாய்ஷோகென் கடையில் வேலை பார்த்தபோது, வடிகூடையில் மிச்சமிருந்த நூடுல்ஸை ஒரு கோப்பைச் சூப்பில் தொட்டுச் சாப்பிடுவது அங்கே ஊழியர்களின் சாப்பாடு. அதைப் பார்த்த வாடிக்கையாளர்கள் எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்க, 1955-இல் 'தொகுசேய் மொரிசோபா' என்ற பெயரில் மெனுவில் ஏறியது. 1961-இல் ஹிகாஷி இகெபுகுரோவில் அவர் திறந்த தாய்ஷோகெனில் பயின்ற சீடர்கள் பலர் பின்னர் தனித்தனியாகக் கடை போட்டார்கள்.

சரி, ஆர்டர் செய்வதைப் பார்ப்போம், ஏனென்றால் முதல் முறை போகிறவர்கள் தடுமாறுவது அங்கேதான். வாசலிலோ உள்ளே நுழைந்ததுமோ டோக்கன் மெஷின் நிற்கும். முதலில் பணம், பிறகு பட்டன், அப்புறம் சின்னச் சீட்டு விழும், மீதிச் சில்லறைக்குத் தனி லீவர் இருந்தால் அதையும் திருப்ப வேண்டும். இடது மேல் மூலையில் இருப்பது பொதுவாக அந்தக் கடையின் பெயர் சொல்லும் ஐட்டம், எழுத்துத் தெரியாவிட்டால் அதை அழுத்தினால் பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள். படம் இல்லாத மெஷினில் ராமெனைக் கண்டுபிடிக்க ஒரு வழி: அந்தச் சொல்லைக் கட்டகானா என்ற ஜப்பானிய எழுத்துமுறையில் எழுதியிருந்தால் இரண்டாவது இடத்தில் நீளமாக ஒரு கோடு கிடக்கும். ஹிரகானா என்ற இன்னொரு எழுத்துமுறையில் எழுதும் ட்சுகேமெனின் முதல் எழுத்தோ இடமிருந்து வலம் போய் வளைந்து திரும்பும் ஒற்றைக் கோடு, தூண்டில் முள்ளைப் படுக்கப் போட்டது போல.

கையில் 1000 யென் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று மெஷினுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது 10,000 யென் நோட்டு மட்டும், மெஷின் அதை வாங்கவில்லை, மாற்றப் போய்த் திரும்பி வந்தபோது என் இடம் போயிருந்தது. ஜூலை 2024-இல் புது நோட்டுகள் வந்தபின் பழைய மெஷின்கள் அவற்றையும் வாங்காமல் துப்புவது உண்டு, எனவே சில்லறைக் காசும் கொஞ்சம் இருக்கட்டும். சில கடையில் சீட்டு எடுத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும், சில கடையில் வரிசையில் நின்று முறை வந்ததும் சீட்டு; முன்னால் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும்.

காத்திருப்பதில் ராமெனுக்குத்தான் வெற்றி. ஹகாட்டா (தென்மேற்கு ஜப்பானின் ஃபுகுவோகா நகரத்துப் பகுதி) பாணி மெல்லிய நூடுல்ஸ் ஒரு நிமிடத்தில் வெந்துவிடும், ட்சுகேமெனின் தடித்த நூடுல்ஸுக்குப் பத்து நிமிடம்கூட ஆகும், அதனால்தான் பல கடைகளில் வரிசையில் நிற்கும்போதே ஊழியர்கள் வந்து சீட்டை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அளவில் ட்சுகேமென் பெரியது. ராமெனில் வேகவைக்கும் முன் 130, 150 கிராம்தான் நூடுல்ஸ் இருக்கும், ட்சுகேமெனில் 200-இல் தொடங்கி 300, 400 என்று போகும், பல கடைகளில் அளவைக் கூட்டினாலும் அதே விலை. இலவசம் என்பதற்காகப் பெரியதைக் கேட்காதீர்கள், வெந்தபின் எடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும், மீதி வைப்பதை அங்கே யாரும் விரும்புவதில்லை. ராமெனில் பசி தீராவிட்டால் ஹகாட்டா பாணிக் கடைகளில் 'கயெதாமா' என்று கேளுங்கள், இன்னொரு பிடி நூடுல்ஸ் வரும், அதற்காகச் சூப்பைக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

இனி ருசி. ராமெனில் நாயகன் சூப். வந்த உடனே சாப்பிட வேண்டும், போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் நூடுல்ஸ் ஊறிப் போகும். ட்சுகேமெனில் நாயகன் நூடுல்ஸ். குளிர்ந்த நீரில் அலசி இறுக்கித் தருவார்கள், மேலே லேசான மஞ்சள் பளபளப்பு. முதல் இரண்டு இழையைச் சூப்பில் தொடாமல் அப்படியே மென்று பாருங்கள், கோதுமையின் இனிப்பு தெரியும், கடித்தால் பல்லை எதிர்த்து நிற்கும். அப்புறம் நாலைந்து இழைகளாக எடுத்துப் பாதி நீளம் மட்டும் முக்கி உறிஞ்சுங்கள். பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, மீன் தூளும் நிபோஷியும் சேர்த்த சூப் அது. நிபோஷி வேறொன்றுமில்லை, வேகவைத்து உலர்த்திய நெத்திலிதான், அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு வீட்டுக் கருவாட்டுக் குழம்பு ஞாபகம் வந்துவிடும். பன்றி சேர்க்காதவர்களுக்கு இரண்டுமே சிக்கல்தான், சைவர்கள் டோக்கியோ ஸ்டேஷனுக்குள் இருக்கும் டீஸ் டான்டான் கடைக்குப் போகலாம், அங்கே எல்லாமே தாவர உணவு, ஆனால் அது ராமென் பக்கம்.

ட்சுகேமெனின் பலவீனம் சூடு. குளிர்ந்த நூடுல்ஸைத் தொடத் தொடச் சூப் ஆறிவிடும். 'அட்சுமோரி' என்று கேட்டால் நூடுல்ஸைச் சூடாகவே தருவார்கள், ஆனால் அந்த இறுக்கம் போய்விடுகிறது, நான் குளிர்காலத்திலும் கேட்பதில்லை.

ஜனவரி இரவில், கை விறைத்து, ரயிலுக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் ராமென். மற்ற எல்லா நாளும், அதுவும் ஒரே ஒரு வேளைதான் என்றால், என் ஓட்டு ட்சுகேமெனுக்கு. நல்ல ராமென் இன்று உலகத்தின் பெரிய ஊர்களில் எல்லாம் கிடைக்கிறது, அலசி இறுக்கிய அந்தத் தடித்த நூடுல்ஸை நான் டோக்கியோவுக்கு வெளியே அதே தரத்தில் சாப்பிட்டதில்லை.

நூடுல்ஸ் தீர்ந்ததும் எழுந்துவிடாதீர்கள். கிண்ணத்தில் மிச்சமிருக்கும் கெட்டிச் சூப்பை நீட்டி 'சூப்-வாரி' என்று சொன்னால், லேசான சூடான ரசம் போன்ற சாறு ஊற்றித் தருவார்கள், சில கடையில் கவுன்ட்டரிலேயே ஃபிளாஸ்கில் இருக்கும். அதுவரை உப்பும் காரமுமாக இருந்தது இளகி, குடிக்கிற பதத்துக்கு வரும். குடித்துவிட்டுக் கிண்ணத்தை எதிரே உயர்ந்திருக்கும் மேடையில் வைத்து, துணி இருந்தால் முன்னால் ஒரு துடை துடைத்து, 'கோச்சிசோசமா' என்று சொல்லிவிட்டு எழுந்து இடம் விடுங்கள், வெளியே வரிசை நிற்கிறது.