பெருந்தமனித் தொடர் கண்காணிப்புப் பிரிவு: எங்கள் மதிப்பீடு

இதய அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களின் பெருந்தமனியை, அதாவது இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தத்தைக் கொண்டுசெல்லும் முதன்மைக் குழாயை, கவனிக்கத் தனிப் பிரிவு எதற்கு என்ற ஐயத்தோடுதான் அண்ணனை அங்கே அழைத்துச் சென்றோம். மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே இதழ்களோடு பிறந்த அவருடைய பெருந்தமனி வால்வை மாற்றியாகிவிட்டது. ஆனால் அந்தக் குறை உள்ளவர்களுக்கு, வால்வை மாற்றிய பிறகும் அதற்கு மேலுள்ள ஏறு பெருந்தமனி விரிவடையக்கூடும் என்பது அறுவை நடந்த இடத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லை.

இந்தப் பிரிவின் பலம் அளக்கும் முறையில் இருக்கிறது. பெருந்தமனியின் விட்டம் பழைய சி.டி. ரிப்போர்ட்டில் 4.4 செ.மீ., வெளியே எடுத்த புதியதில் 4.8 செ.மீ. என்றிருந்ததால் வீடே கலங்கிப்போயிருந்தது. மருத்துவர் ரிப்போர்ட்டுகளை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஸ்கேன்களையும் திரையில் அருகருகே திறந்து, வலது நுரையீரல் தமனி கடக்கும் அதே மட்டத்தில், பெருந்தமனியின் போக்குக்குச் செங்குத்தான குறுக்குவெட்டில் அளந்து காட்டினார்; இரண்டிலும் 4.5 தான். சாய்வாக வெட்டினால் வட்டம் நீள்வட்டமாகி விட்டம் கூடுதலாகத் தெரியுமாம். பொதுவாக 5.5 செ.மீ. அளவிலும், ஆபத்துக் காரணிகள் இருந்தால் அதற்கு முன்பும் அறுவையைப் பற்றி யோசிப்பார்கள் என்பதால், இது சின்ன விஷயமன்று.

பி.பி.யை 130/80க்குக் கீழே வைத்திருக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், வீட்டுக் கருவியைக் கொண்டுவரச் சொல்லி, பட்டையின் அளவு கைக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்கிறார்கள். பெருந்தமனிச் சுவரைப் பாதிக்கக்கூடிய சிப்ரோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்று கோப்பின் அட்டையிலேயே ஒட்டியிருந்தது எனக்குப் பிடித்தது. சளிக்கும் காய்ச்சலுக்கும் வேறு மருத்துவரிடம்தானே போகிறோம்!

பைபாஸ் மட்டும் செய்துகொண்டு, பெருந்தமனி இயல்பாக உள்ளவர்களுக்கு இப்பிரிவு தேவைப்படாமல் போகலாம். பெருந்தமனிச் சுவரின் அடுக்குகள் பிரிந்து அவசர அறுவை செய்துகொண்டவர்களுக்கோ இது வாழ்நாள் தேவை. ஏறு பகுதியைச் செயற்கைக் குழாயால் மாற்றினாலும், பெருந்தமனி வளைந்து கீழே திரும்பும் இடத்துக்கு அப்பால் அந்தப் பிளவு பெரும்பாலும் எஞ்சியிருக்கும்.

குறை ஒன்று உண்டு. இரவில் அழைத்தால் பொது வரவேற்புக்குத்தான் போகிறது, அங்கே காத்திருக்கச் சொல்கிறார்கள். திடீரென்று நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற வலி வந்தால் யாரையும் விசாரித்துக்கொண்டிராமல் நேரே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும் என்ற வரி அவர்களின் கையேட்டில் இருக்கிறது, ஆனால் கடைசிப் பக்கத்தில். அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்.