பச்சைத் தண்ணீர்: வாளியா, யூ.வி. விளக்கா?

தங்கமீன் தொட்டி பச்சையாகிவிட்டால், வாராவாரம் தண்ணீர் மாற்றுவதா, யூ.வி. விளக்கு (தண்ணீரைத் தன் வழியே ஓடவிட்டு, புற ஊதாக் கதிரால் பாசியைக் கொல்லும் கருவி) மாட்டுவதா என்று பலரும் குழம்புகிறார்கள்.

செலவு: வாளியும் ரப்பர் குழாயும் சில நூறு ரூபாய். விளக்குக்கு அதைப்போல் பல மடங்கு. போதாததற்கு ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை பல்பு மாற்ற வேண்டும்.

வேகம்: இதில் விளக்குதான் ராஜா. பெரும்பாலும் ஒரு வாரத்தில் தண்ணீர் தெளியும். வாளிக்காரரோ வாரம் கால் பங்கு மாற்றி, குளோரின் நீக்கி ஊற்றி, வெளிச்சத்துக்கான தொட்டி விளக்கை தினம் 8 மணி நேரத்தோடு நிறுத்தி, ஜன்னல் வெயிலையும் மறைத்துக் காத்திருக்க வேண்டும்.

பலன்: பச்சை நிறம் மிதக்கும் நுண்பாசியால் வருவது. விளக்கு தன் வழியே ஓடும் பாசியை மட்டுமே கொல்லும். கண்ணாடியில் ஒட்டியதை நாம்தான் சுரண்ட வேண்டும். மீன் கழிவிலிருந்து உருவாகி, பாசிக்குத் தீனியாகும் நைட்ரேட்டை அது தொடாது. தங்கமீனோ ஓயாமல் தின்று ஓயாமல் கழிக்கிற ஜீவன்!

வீட்டுக்குள் சிறு தொட்டி என்றால் வாளியே போதும். மொட்டைமாடித் தொட்டி, வெயிலை மறைக்க முடியாத முற்றத்துக் குளம் என்றால் விளக்கு வாங்குங்கள். வாளியை மட்டும் பரணில் போட்டுவிடாதீர்கள்.