ஜிஏபிடிஹெச்சா, ஆக்டினா, 18எஸ்ஸா? ஆக்சிஜன் குறைந்த செல்களில் எதை நம்புவது?

புற்றுநோய் செல்களை ஆக்சிஜன் குறைத்து வளர்த்து, ஒரு மரபணுவின் ஆர்என்ஏ கூடியதா குறைந்ததா என்று கியூபிசிஆரில் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கி, சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கி அளக்கும் முறை) பார்க்கப் போகிறீர்கள். மாறாது என்று நம்பி ஒப்பிட எடுக்கும் ரெஃபரன்ஸ் ஜீனுக்கு என்ன செய்வோம்? ஃப்ரீசரில் ஏற்கெனவே இருக்கும் ஜிஏபிடிஹெச் ப்ரைமரைத்தான் (அந்த மரபணுவை மட்டும் பிடித்துப் பெருக்க உதவும் சிறு டிஎன்ஏ துண்டு) கை தேடும். இந்தச் சோதனைக்கு அதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

ஜிஏபிடிஹெச், குளுக்கோஸை உடைக்கும் பாதையில் வேலை செய்யும் என்சைம். ஆக்சிஜன் குறைந்ததும் செல் முடுக்கிவிடுவது அந்தப் பாதையைத்தான். அதனால் பல செல் வகைகளில் ஜிஏபிடிஹெச்சும் சேர்ந்து ஏறிவிடும். அது இரண்டு மடங்கானால் சிடி மதிப்பு (சமிக்ஞை தெரியத் தொடங்கும் சுற்றின் எண்) 19-லிருந்து 18-க்கு இறங்கும். ஒரு சுற்றுதானே என்று தோன்றும். ஆனால் உண்மையிலேயே இரண்டு மடங்கு ஏறிய உங்கள் மரபணு 'மாற்றமில்லை' என்று வரும். அசையாமல் இருந்தது பாதியாகக் குறைந்ததாக வரும். வரைபடத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சரி, பீட்டா ஆக்டின்? செல்லின் வடிவமோ நகர்வோ மாறினால் அதுவும் மாறும். அதன் போலி மரபணுக்கள் (டிஎன்ஏவில் கிடக்கும் செயலற்ற நகல்கள்) வேறு நிறைய. அவற்றில் இன்ட்ரான் (ஆர்என்ஏவில் வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டு) இல்லாததால், ஆர்என்ஏவில் துளி டிஎன்ஏ மிஞ்சினாலும் இன்ட்ரானைத் தாண்டி அமைத்த ப்ரைமர்கூட ஏமாந்துபோகும்.

ரைபோசோமின் ஆர்என்ஏவான 18எஸ் ஆர்ஆர்என்ஏவின் சிக்கல், அது மிக அதிகமாக இருப்பது. அது 10-வது சுற்றிலேயே தெரிய, உங்கள் மரபணு 28-ல் வந்தால், இடையே சுமார் இரண்டரை லட்சம் மடங்கு. பாலி-ஏ வாலும் கிடையாது. அந்த வாலைப் பிடிக்கும் ஒலிகோ-டிடி மட்டும் போட்டு சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) செய்பவர்களுக்கு அது உதவாது.

என் முதல் தெரிவு டிபிபி (மரபணுப் படியெடுப்பைத் தொடங்க உதவும் புரதத்தின் மரபணு). அளவு குறைவு, சிடி நம் மரபணுவுக்குப் பக்கத்தில் நிற்கும். ஆனாலும் உங்கள் செல்களில் சோதிக்காமல் அதையும் நம்பாதீர்கள்.

சோதிக்க இரண்டு வழிகள். 2002-ல் வந்த ஜீநார்ம் என்ற கணக்கீட்டு முறை, மரபணுக்களை ஜோடி ஜோடியாக ஒப்பிடும். கிளைகோலிசிஸ் (அதே குளுக்கோஸ் உடைக்கும் பாதை) மரபணுக்கள் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால், இரண்டும் ஒன்றாக ஏறுவதையே 'நிலையானவை' என்று எடுத்துக்கொள்ளும். 2004-ன் நார்ம்ஃபைண்டர், குழுக்களுக்கு இடையிலான மாற்றத்தையும் தனியாகக் கணக்கிடும். இந்தச் சோதனைக்கு அதுதான் பொருத்தம். வெவ்வேறு வேலை செய்யும் எட்டுப் பத்து மரபணுக்களை எடுத்து, சாதாரண ஆக்சிஜன், குறைந்த ஆக்சிஜன் இரண்டிலும் ஓட்டுங்கள். அப்புறம் நிலையாக நிற்கும் இரண்டு மூன்றின் பெருக்கல் சராசரியை (ஜியோமெட்ரிக் மீன்) வைத்துக் கணக்கிடுங்கள்.