பதினோரு வயது இனோவாவும் எங்கள் வீட்டு ஆறு பேரும்

மூன்றாவது பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று தெரிந்த அன்று சாயங்காலம், என் வீட்டுக்காரர் கீழே இறங்கிப் போய் எங்கள் சின்ன மைவி காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் இருப்பது ஏழாவது மாடி. வராந்தாவில் துணி காயப்போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பின்கதவைத் திறந்தார், கையால் சாண் போட்டு அளந்தார், மூடினார், மறுபடி திறந்தார். மேலே வந்து "முடியாது" என்றார். அவ்வளவுதான் எங்கள் குடும்ப மாநாடு.

கணக்கு இதுதான். நாங்கள் இருவர், என் மாமியார், ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், வரப்போகிற குழந்தை. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் குழந்தை இருக்கை கட்டாயம் என்பதால், சின்னவர்கள் இரண்டு பேருக்கும் இருக்கை மாட்டியாக வேண்டும். அத்தைக்கு முட்டி வலி, முன் சீட்டை விட்டு நகர மாட்டார். அப்படியானால் எம்பிவி என்கிற ஏழு சீட் குடும்ப வண்டிதான். புதுசு வாங்க வசதியில்லை. 2022-இல் வந்த பெரோடுவாவின் புதிய அல்சாவே அறிமுக விலை 62,500 வெள்ளியில் (ரிங்கிட்) தொடங்கியது. எங்களிடம் இருந்தது, என் சேமிப்பு, அவருடைய போனஸ், இபிஎஃப் சேமநிதியில் 2024 மே மாதம் திறந்துவிட்ட ஃபிலெக்சிபல் கணக்கில் எடுத்தது எல்லாம் சேர்த்து, நாற்பதாயிரம். லோன் வேண்டாம் என்பதில் அத்தை பிடிவாதம்.

கார் பார்க்கப் போன முதல் வாரமே ஒரு விஷயம் புரிந்தது. விற்கிறவர்கள் எல்லோரும் டிரைவர் சீட்டில்தான் நம்மை உட்கார வைக்கிறார்கள். ஆனால் எம்பிவியின் குணம் கடைசி வரிசையில் இருக்கிறது. நடு வரிசையில் இரண்டு பக்கமும் குழந்தை இருக்கை மாட்டிவிட்டால், பின்னால் போகிற வழியே அடைத்துக்கொள்ளும். இருக்கை கட்டிய சீட்டை மடிக்க முடியாது. அதனால் ஒரு பக்கம் குழந்தை, மறுபக்கம் நான், பெரிய பிள்ளைகள் இரண்டு பேரும் கடைசி வரிசையில், தினமும், பள்ளிக்கூடப் பையோடு. ஆக, பரிசோதகர் என் மகள்தான். எங்கே போனாலும் அவளையும் அவளுடைய பையையும் தம்பியின் இருக்கையையும் தூக்கிக்கொண்டு போனோம்.

முதலில் பார்த்தது பழைய அல்சா, 2014. 2009-இல் வந்த மாடலின் முகம் மாற்றிய வடிவம். 1.5 லிட்டர் இன்ஜின், டைமிங் செயின், எந்தப் போர்மேனுக்கும் (மெக்கானிக்) கண்ணை மூடிக்கொண்டு கை வரும். ரோட் டெக்ஸ் நூறு வெள்ளியை ஒட்டித்தான் வரும். எனக்குப் பிடித்திருந்தது. மகள் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் முட்டி இரண்டும் தாடைக்கு வந்துவிட்டது. "அம்மா, நான் தவளை மாதிரி இருக்கேன்." பின்னால் ஏர்கோன் துவாரமும் இல்லை. தைப்பிங்கில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு மூன்றரை மணி நேரம் அங்கே உட்கார வைத்தால், தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்குள் பிளாஸ்டிக் பை தேவைப்படும். அதை ஐந்து பேர் காராகவும் எப்போதாவது இரண்டு பேர் கூடுதலாகவும் நினைத்து வாங்குகிறவர்களுக்கு நல்ல கார். எங்களுக்கு இல்லை.

அடுத்து புரோட்டோன் எக்சோரா. பின் வரிசைக்கு இடம், கூரையில் குளிர் காற்று, மகளிடம் நல்ல பெயர். விலையும் எங்கள் கைக்குள். டர்போ மாடல்களில் போர்மேன்கள் முதலில் தேடுவது கசிகிற ஆயில் கூலர் ஹோஸ். நாங்கள் பார்த்த காரில் அது மாற்றியிருந்தது, சுத்தமாக இருந்தது. ஆனால் இந்த இன்ஜினுக்குச் செயின் இல்லை, கிலோமீட்டர் கணக்கில் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட். அது எப்போது மாற்றியது என்று கேட்டால் விற்றவருக்குத் தெரியவில்லை. "இருக்கும் கா, மாத்தியிருப்பாங்க" என்கிறார். பெல்ட் அறுந்தால் இன்ஜினே போகும். "இருக்கும்" என்பதை நம்பி இருபத்தைந்தாயிரம் கொடுக்க மனம் வரவில்லை. ரசீது வைத்திருந்தால் அன்றைக்கே வாங்கியிருப்பேன்.

இப்போது அந்தக் கதை. கெப்போங் பக்கம் ஒரு செகண்ட் ஹேண்ட் கடை. கடைப் பெயரும் வேண்டாம், கார் மாடலும் வேண்டாம். தண்ணீர் எந்தக் காருக்கும் பாகுபாடு பார்ப்பதில்லை. ஏழு சீட், வெள்ளை நிறம், கிலோமீட்டர் எண்பதாயிரம்தான், விலை மற்ற இடங்களைவிட ஆறாயிரம் குறைவு. உள்ளே ஏறியதும் பாண்டான் வாசனை. ஒரு வாசனைப் புட்டி இல்லை, மூன்று. தரைக் கம்பளம் புத்தம் புதுசு. என் வீட்டுக்காரர் கண்ணில் நீர் தேங்காத குறை, அவ்வளவு மகிழ்ச்சி. முன்பணம் கொடுக்கவே கை நீண்டுவிட்டது. நான்தான் "போர்மேன் பார்க்கட்டும்" என்று நிறுத்தினேன்.

எங்கள் போர்மேன் ஜாலான் ஈப்போவில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர். வெளியில் வந்து பார்த்துச் சொல்ல 150 வெள்ளியும் ஒரு தே தாரேக் தேநீரும். மறுநாள் வந்தவர் இன்ஜின் மூடியான பொன்னட்டைத் திறக்கவே இல்லை. நேராக நடு சீட்டு பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார், கடைசி முழம் வரைக்கும். அந்தக் கடைசி முழத்தில் தேநீர் வடிகட்டிய துணி மாதிரி ஒரு பழுப்புக் கோடு. பிறகு சீட்டு ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் டார்ச் அடித்தார்: துரு. ஸ்பேர் டயரைத் தூக்கினார்: குழியின் மூலையில் காய்ந்த சேறு, நகத்தால் சுரண்டினால் வந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, கம்பிக்கட்டு மாட்டியிருக்கும் இரும்பைத் தடவி, விரலைக் காட்டினார்.

"அண்ணே, என்ன?"

"குளிச்சிருக்கு தங்கச்சி. சீட்டு வரைக்கும்."

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வாரம் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. இந்தக் கார் அங்கிருந்துதான் வந்தது என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. கடை முதலாளி தவுக்கேயிடம் கேட்டபோது "மழையில கண்ணாடி திறந்து வச்சிட்டாங்க" என்றார். கண்ணாடி திறந்திருந்தால் ஸ்பேர் டயர் குழிக்கு எப்படிச் சேறு வரும் என்று நான் கேட்கவில்லை. கிளம்பிவிட்டோம். வெள்ளத்தில் நின்ற கார் அன்றைக்கு ஓடும். ஒரு வருஷம் கழித்து, ஒயரிங் முனைகளெல்லாம் பச்சை பிடித்த பிறகு, ஒவ்வொன்றாக நிற்கும்: பவர் விண்டோ, மீட்டர், அப்புறம் ஏர்பேக் விளக்கு. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற காரில் ஏர்பேக்கை நம்ப முடியாது என்றால் என்ன பிரயோஜனம். 150 வெள்ளி கொடுத்து நான் வாங்கியதிலேயே மலிவான பொருள் அந்தப் பழுப்புக் கோடுதான்.

இனோவா எங்கள் பட்டியலிலேயே இல்லை. இணைய விளம்பரத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. 2013, 2.0 ஆட்டோ, நேரடி உரிமையாளர், கோம்பாக். ஓய்வு பெற்ற ஒரு மலாய்ப் பெரியவர், நாங்கள் கூப்பிட்டது பாக்சிக். போர்மேன் சொல்லிக்கொடுத்தபடி, "நாங்க வர்றவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்னாடியே போன் செய்தோம். போனதும் பொன்னட்டில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. சூடாக்கி வைத்த இன்ஜின் தன் வியாதியைச் சொல்லாது, அதனால்தான் இந்தச் சடங்கு. சாவியைத் திருப்பியதும் எழுந்தது, ஒரு நிமிஷத்தில் அமைதியாகிவிட்டது, புகை இல்லை.

பாக்சிக் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் எடுத்து வந்தார். ஒவ்வொரு ஆயில் மாற்றமும் தேதி, கிலோமீட்டர், விலை, எந்த ஒர்க்ஷாப் என்று நீல மையில். ஹரி ராயாவுக்குக் கிளந்தான் போன பயணங்கள் தனியாகச் சிவப்பு மையில். மீட்டரில் 1,68,000. எண்பதாயிரம் ஓடிய "பாண்டான்" காரைவிட இந்த 1,68,000 எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது, ஏனென்றால் ஒவ்வொரு ஐயாயிரத்துக்கும் ஒரு வரி இருந்தது. பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்திருந்தது, ஸ்டீயரிங் பளபளத்தது. மீட்டரும் அவையும் ஒரே கதையைச் சொல்லின. டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்ணைப் படிக்கச் சொன்னார் போர்மேன். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2018 டயர். "பட்டன் நல்லா இருக்கு, ஆனா ரப்பர் செத்துப்போச்சு" என்று அதைக் காட்டியே விலையில் 1,200 குறைத்துக் கொடுத்தார். கியர் ஆயிலை முகர்ந்து பார்த்தார், கருகல் வாடை இல்லை. கீழே படுத்துச் சேசியைப் பார்த்தார். இந்தப் பழைய இனோவா லாரி மாதிரி தனிச் சேசி மேல் உட்கார்ந்த பின்சக்கர வண்டி. துருவும் வெல்டிங்கும் இருந்தால் அங்கேதான் தெரியும். இல்லை.

மகள் பின்னால் ஏறினாள். கால் தரையில் பட்டது. தலைக்கு மேல் காற்று வந்தது. தம்பியின் இருக்கையைப் பக்கத்தில் மாட்டிப் பார்த்தோம், பெல்ட் இறுகப் பிடித்தது. பாக்சிக் கேட்டது 39,500. முடித்தது 38,000.

காகித வேலை ஒரு நாள் அலைச்சல். முதலில் வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமில் பி5 சோதனை. பெயர் மாற்ற அது இல்லாமல் ஆகாது. என் பெயரில் காப்புறுதி. மைவியில் சேர்த்து வைத்திருந்த 55 விழுக்காடு என்சிடியை, அதாவது கிளைம் செய்யாததற்குக் கிடைக்கும் தள்ளுபடியை, இதற்கு மாற்றிக்கொண்டேன். அது காருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். மறந்துவிடாதீர்கள், பழைய காரை விற்கும்போது அப்படியே விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு வங்சா மாஜூவில் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் இரண்டு பேரும் கட்டைவிரல் ரேகை வைத்தோம். கிரானில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) பேங்க் உரிமை இல்லை என்பதையும் சம்மன் பாக்கி இல்லை என்பதையும் அதற்கு முன்பே பார்த்தாகிவிட்டது. அன்று மாலை ஜாலான் ஈப்போ தண்டாயுதபாணி கோயிலில் அர்ச்சனை, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை. ஐயர் கேட்டார், "புது வண்டியா?" அத்தை தயங்கவே இல்லை: "எங்களுக்குப் புதுசுதான் சாமி."

ஒரு வருஷம் ஆகிறது. குறைகளைச் சொல்கிறேன். பெட்ரோல் குடிக்கிறது. செந்தூலிலிருந்து கேஎல்சிசி பக்கம் நெரிசலில் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் பத்து, பத்தரை. மைவிக்கு வாரம் ஐம்பது போட்டவள் இப்போது எண்பது போடுகிறேன். ரோட் டெக்ஸ் 350-க்கு மேல். நான்கு கியர்தான் என்பதால் மெனோரா சுரங்கத்துக்கு முன்னால் உள்ள ஏற்றத்தில் உறுமும். அந்த இரண்டு நிமிஷம் பேச்சை நிறுத்திக்கொள்கிறோம். மூன்று வரிசையும் விரித்துவிட்டால் பின்னால் ஒரு குழந்தைத் தள்ளுவண்டியும் இரண்டு பையும்தான், தீபாவளிக்கு முறுக்கு டின் எல்லாம் என் காலடியில். வண்டி சறுக்காமல் பிடித்துக்கொள்ளும் விஎஸ்சி இல்லை, அது எனக்கு உறுத்தல்தான். புதிய அல்சாவில் எல்லா வகையிலும் விஎஸ்சியும் ஆறு ஏர்பேக்கும் இருக்கின்றன. மழையில் வளைவுகளில் அவரை மெதுவாக ஓட்டச் சொல்லிக்கொண்டே வருகிறேன், அவருக்குக் காது புளித்துவிட்டது. கையில் இன்னும் இருபத்தைந்தாயிரம் இருந்திருந்தால் அந்த அல்சாவுக்குப் போயிருப்பேன் என்பதை ஒளிக்கவில்லை.

இதுவரை செலவு: நான்கு டயர், பேட்டரி, முன் அப்சோர்பர் இரண்டு. மொத்தம் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். இதற்கென்று ஐயாயிரம் ஒதுக்கி வைக்கச் சொல்லியிருந்தார் போர்மேன், மிச்சம் இருக்கிறது. வழியில் நின்றதில்லை. மகள் ஒருமுறைகூட வாந்தி எடுக்கவில்லை. மகன் எடுத்தான், அது ஈப்போவில் தின்ற கச்சான் பூத்தே என்கிற கடலைத் தின்பண்டத்தால்.

ஒன்றே ஒன்று. ரிவர்ஸ் கேமரா கிடையாது. எங்கள் பிளாட் பார்க்கிங்கில் இவ்வளவு நீளத்தைப் பின்னால் விடுவது பெரிய வித்தை. அதனால் தினமும் சாயங்காலம் அத்தை முன் சீட்டிலிருந்து இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு தூண் ஓரமாக நின்று, "வா... வா... வா... நில்லு!" என்று கை காட்டுகிறார். போன மாதம் என் வீட்டுக்காரர் 280 வெள்ளிக்கு ஒரு கேமரா பார்த்து வைத்துவிட்டு வந்து சொன்னார்.

"எதுக்குடா தண்டச் செலவு?" என்றார் அத்தை. "நான் என்ன செத்தா போயிட்டேன்?"