பதிவை நீக்கிவிட்டார்களா? ஜிஏசி போர்ட்டல் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்

யூடியூப், ஃபேஸ்புக், எக்ஸ் போன்ற தளங்கள் பதிவைத் தூக்கினாலோ கணக்கை முடக்கினாலோ, இந்தியாவில் இருப்பவர் கோர்ட்டுக்குப் போகும் முன் முறையிட ஒரு இடம் உண்டு: மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழு, சுருக்கமாக ஜிஏசி. 2022 அக்டோபரில் ஐடி விதிகளில் (2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள்) சேர்த்த 3ஏ விதிப்படி வந்தது. போர்ட்டல் 2023 மார்ச் 1 முதல் இயங்குகிறது. மனு கொடுப்பது முதல் உத்தரவு வரை எல்லாமே ஆன்லைன்தான், நேரில் போகும் அலைச்சல் இல்லை.

பல மனுக்கள் சறுக்குவது போர்ட்டலுக்கு வருவதற்கு முன்பே. செயலியில் இருக்கும் ‘அப்பீல்’ பொத்தானை அழுத்தியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். அது தளத்தின் உள்மறுஆய்வு மட்டுமே. ஜிஏசி கேட்பது, புகார்களைக் கவனிக்கத் தளம் நியமித்த இந்தியக் குறைதீர் அதிகாரியின் முடிவை. அவருக்கான படிவமோ மின்னஞ்சலோ தளத்தின் உதவிப் பக்கத்தில் எங்கோ அடியில் கிடக்கும், தேடித்தான் எடுக்க வேண்டும். அங்கே புகார் கொடுத்து எண் வாங்குங்கள். பதில் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்தான் அவகாசம். அந்த மின்னஞ்சலை தேதி தெரியும்படி பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள்.

இணைக்க வேண்டியவை: பதிவின் முழு லிங்க், ஸ்கிரீன்ஷாட், தளம் அனுப்பிய நீக்க அறிவிப்பு, புகார் எண், அதிகாரியின் பதில். நீக்கியபின் லிங்க்கில் ஒன்றும் தெரியாது. அதனால் சர்ச்சைக்குரிய வீடியோவின் மூலக் கோப்பு எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும்.

மனுவில் ‘என் கருத்துரிமை பறிபோனது’ என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. மூன்றைப் பிடியுங்கள். ஒன்று, ஐடி விதிகளின் விதி 3(1)(என்): அரசியலமைப்பின் 14, 19, 21 பிரிவுகள் தரும் உரிமைகளைத் தளம் மதிக்க வேண்டும். இரண்டு, விதி 4(8): 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள தளம் தானாக நீக்கும்போது காரணம் சொல்ல வேண்டும், எதிர்த்துப் பேச வாய்ப்பும் தர வேண்டும். ‘சமூக விதிமீறல்’ என்று ஒற்றை வரி மட்டும் வந்திருந்தால் இதுவே உங்கள் பலமான வாதம். மூன்று, அரசியலமைப்பின் பிரிவு 19(2)-இல் கருத்துரிமைக் கட்டுப்பாட்டுக்கான காரணங்கள் எட்டுதான். ‘பொதுநலன்’ என்பது அதில் இல்லை. கடைசியில், எது வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள்: பதிவைத் திரும்பப் போட வேண்டுமா, கணக்கைத் திறக்க வேண்டுமா என்று.

30 நாளில் முடிக்கக் குழு ‘முயல வேண்டும்’ என்கிறது விதி. கெடு தாண்டினால் என்ன என்பதற்குப் பதில் இல்லை. உத்தரவு வந்தால் தளம் அதை நிறைவேற்றி, தன் இணையதளத்தில் அறிக்கையும் போட வேண்டும். இது நல்ல ஏற்பாடு.

குறை அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு குழுவிலும் ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள்; மூவரையும் நியமிப்பது மத்திய அரசு. ஆபாச மிரட்டல், போலிக் கணக்கு, தவறாக முடங்கிய வியாபாரப் பக்கம் போன்றவற்றுக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. அரசை விமர்சித்த பதிவுக்கு நியாயம் கேட்கும்போதுதான் இடிக்கிறது. கட்டுப்பாடு சட்டப்படி இருந்தால் மட்டும் போதாது, அவசியமானதாகவும் அளவோடும் இருக்க வேண்டும் என்பது இந்தியா 1979-இல் ஏற்ற ஐ.நா.வின் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 19(3) பிரிவு தரும் அளவுகோல். அந்த உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையில் இந்தியா சேராததால், தனிநபர் புகாரை ஜெனீவாவில் உள்ள மனித உரிமைக் குழுவுக்கு அனுப்ப வழியில்லை. ஆனால் அந்த அளவுகோலை உயர் நீதிமன்ற மனுவில் மேற்கோள் காட்டலாம்.

ஒரு இடத்தில் போர்ட்டல் அறவே உதவாது. ‘சட்டக் கோரிக்கையின் பேரில் இந்தியாவில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது’ என்று அறிவிப்பு வந்தால், உத்தரவு கோர்ட்டிலிருந்தோ அரசிடமிருந்தோ வந்திருக்கும். தளத்தின் மேல் புகார் சொல்லிப் பயனில்லை. இணையப் பதிவுகளைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தரும் ஐடி சட்டம் 69ஏ-யின்கீழ் வந்த உத்தரவு என்றால், 2009 தடை விதிகளின் 16-ஆம் விதி ரகசியம் காக்கச் சொல்வதால் நகல் கிடைப்பதே பாடு. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ-யை ரத்துசெய்த, உச்ச நீதிமன்றத்தின் 2015 ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பு 69ஏ-யை விட்டுவைத்தது. உத்தரவில் காரணம் எழுத்தில் இருக்கும், ரிட் மனுவில் அதை எதிர்க்கலாம் என்பதை அதற்குக் காரணமாகச் சொன்னது. ஆகவே போர்ட்டலில் நாளைக் கடத்தாமல், அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போங்கள். ஜிஏசி உத்தரவே பாதகமாக வந்தாலும் வழி இதுதான். 3ஏ விதியில் அடுத்த மேல்முறையீடு கிடையாது.