முடக்குவாதத்துக்கு ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ கேப்ஸ்யூல் விற்க வருகிறார்களா? மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்

அம்மாவுக்கு முடக்குவாதம், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் ரூமடாய்டு ஆர்த்ரைட்டிஸ். வாரத்துக்கு ஒருநாள் அந்த நோயை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, கூடவே ஃபோலிக் ஆசிட். காலையில் விரல் மடக்க முடியாமல் கிடந்தவர், அதில்தான் தேறி மறுபடி அடுப்படிக்கு வந்தார். அந்த நேரத்தில்தான் உறவுக்காரர் ஒருவர் மூலமாக நேரடி விற்பனைக்காரப் பெண்மணி ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ கேப்ஸ்யூலோடு வீடு தேடி வந்தார்.

அவர் பேச்சில் பாதி உண்மை இருந்தது, அதுதான் ஆபத்து. வீங்கிய மூட்டில் ஃப்ரீ ராடிக்கல், அதாவது செல்களைச் சேதப்படுத்தும் மூலக்கூறுகள், அதிகம்; அதை ஆன்டிஆக்ஸிடன்ட் அடக்கும் என்றார். அதிகம் என்பது சரிதான். ஆனால் அதை அடக்கினால் நோயே அடங்கிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆன்டிஆக்ஸிடன்ட்களில் ஒன்றான வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த ஆய்வு 1997-இலேயே வந்திருக்கிறது. 600 மில்லிகிராம் தினம் இருவேளை, 12 வாரம். வலி ஓரளவு குறைந்தது. காலை விறைப்போ, ரத்தத்தில் தெரியும் அழற்சி அளவோ குறையவில்லை. வலி குறைவது வேறு, மூட்டு அரிப்பது நிற்பது வேறு.

“அது கேன்சர் மாத்திரைம்மா, லிவரை அரிச்சிடும். இதை ஆரம்பிச்சதும் அதை விட்ருங்க” என்று மெத்தோட்ரெக்ஸேட்டைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு எங்கே, இந்த நோய்க்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் சின்ன அளவு எங்கே! லிவரைக் கவனிக்கத்தானே டாக்டர் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை எழுதுகிறார்! இவர் விற்ற கேப்ஸ்யூலில் மிளகுச் சாறு சேர்த்த செறிவான மஞ்சள் இருந்தது. அந்த வகையால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அதை அவர் சொல்லவே இல்லை.

அவர் பேச்சை நம்பி அம்மா மாத்திரையை விட்ட பிறகு வீக்கம் திரும்பியது. போன் செய்தால், “கழிவு வெளியேறுதும்மா, நல்ல அறிகுறி. டோஸை ரெண்டாக்குங்க” என்றாராம். எனக்கு ஆறாத கோபம் இந்த வார்த்தையில்தான். துடிக்கிற மனுஷியிடம் இன்னும் ஒரு பாட்டில் விற்றிருக்கிறார். இப்போது எக்ஸ்ரேயில் விரல் மூட்டில் அரிப்பு தெரிகிறது. அரித்த எலும்பு பழையபடி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெத்தோட்ரெக்ஸேட் மறுபடி தொடங்கியிருக்கிறோம், அது வேலை செய்யவே வாரக்கணக்கில் ஆகும்.

“அரசு அங்கீகாரம்” என்று அவர் காட்டியது எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண். அது உணவுக்கான உரிமம், நோயைக் குணமாக்கும் என்ற சான்று கிடையாது. அதே டப்பாவில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று பொடி ஆங்கில எழுத்தில் அச்சடித்திருக்கிறது. வாங்கும் முன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். மாத்திரையோடு சேர்த்து எதையாவது சாப்பிட ஆசைப்பட்டால், டப்பாவையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள்.

பணத்தைக் கேட்டால் “பிரிச்ச பாட்டில்” என்று கைவிரிக்கிறார்கள். 2021-இன் நேரடி விற்பனை விதிகளின்படி அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வீட்டுக்கு வரவே கூடாது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் ரசீது, டப்பா, வாட்ஸ்அப் குரல்பதிவு எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு அதே எண்ணுக்கு அழையுங்கள்.